மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையும் ஈட்டுக்குப் போகும் காணியும்

கேள்வி: என் தங்கையின் மகன் பிறந்தவுடன் அழவில்லை, மூளைக்கு ஒட்சிசன் போதாமற் போனதென்று வைத்தியர்கள் கூறினார்கள். இப்போது பிறந்து முப்பத்தொன்றாம் நாளும் கழிந்துவிட்டது. வெளிநாட்டில் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையும் ஸ்டெம் செல் ஊசியும் உண்டென்று கனடாவிலுள்ள மாமா சொல்கிறார். தோட்டக் காணியை ஈடு வைத்தாவது பிள்ளையைக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: காணியை ஈடு வைக்க வேண்டாம்.

ஒட்சிசன் தடைப்பட்ட மூளைக் கலங்கள் எல்லாமே அந்த நேரத்திலேயே இறந்துவிடுவதில்லை. இரத்த ஓட்டம் மீண்டதும் சில மணி நேரம் தேறியவைபோல இருந்து, பின்னர் சக்தி வற்றி மறுபடியும் அழியத் தொடங்குகின்றன. அந்த இடைவெளிக்குள், அதாவது பிறந்து 6 மணி நேரத்துக்குள், உடல் வெப்பத்தை 33 முதல் 34 பாகை செல்சியசுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருப்பதே குளிர்விப்புச் சிகிச்சை. உங்கள் தங்கையின் மகனுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அப்போதே செய்திருக்கலாமே என்று தங்கை மனம் நோகவும் வேண்டாம். வசதி படைத்த நாடுகளில் பயன் தந்த இச்சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 408 குழந்தைகளிடம் சோதித்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்டோரில் 42 வீதமும் மற்றோரில் 31 வீதமும் இறந்திருந்தனர்.

செங்குழியங்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் மருந்தைக் குளிர்விப்போடு சேர்த்து 500 குழந்தைகளிடம் சோதித்த அமெரிக்க ஆய்வும் 2022இல் மேலதிகப் பயனைக் காட்டவில்லை. விலங்குகளில் நம்பிக்கை தந்த செனன் வாயுவும் அப்படியே ஏமாற்றியது. மாமா சொல்லும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்கள், அடங்கிய தொப்புள்கொடி இரத்தத்தைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் முடிந்த முடிவைத் தரவில்லை. முறையான ஆய்வுகளில் பொதுவாகச் சிகிச்சைக்குப் பெற்றோரிடம் பணம் வாங்குவதில்லை என்பதால், முற்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். (மாமாவின் அன்பில் எனக்கு ஐயமில்லை, அவருக்கு வந்த விளம்பரத்தில்தான் ஐயம்.)

வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு இப்போது தேவைப்படுவது பயிற்சி. குழந்தை வைத்தியரின் கிளினிக்கைத் தவறவிடாமல், இயன்மருத்துவரிடமும் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பும்படி கேளுங்கள். கண் பார்வையையும் கேட்டலையும் சோதிக்கச் சொல்லுங்கள். பால் குடிக்கையில் அடிக்கடி புரையேறுகிறதா, துணி மாற்றும்போது தொடைகள் விரிய மறுக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் கையைப் பொத்தித்தான் வைத்திருக்கும். நான்கு மாதமாகியும் பெருவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தாலோ, ஒரு கை மட்டும் விரிய மறுத்தாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.