கைடு பத்தியை ஒப்பித்தால் ஆங்கிலப் பாடம் வந்துவிடுமா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாநிலப் பாடத்திட்டம். ஆங்கிலக் கதைகளுக்கான பதில்களைக் கைடில் இருப்பதுபோல வரி மாறாமல் ஒப்பிக்கிறாள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் திருதிருவென விழிக்கிறாள். டியூஷனில் சேர்க்கலாமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது.
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: டியூஷன் இருக்கட்டும் அம்மா. முதலில் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முதல் பாடமே பறக்கப் பயந்த கடற்பறவைக் குஞ்சின் கதைதான். தாய்ப்பறவை மீன் துண்டை அலகில் கவ்விக்கொண்டு குஞ்சை நோக்கிப் பறந்து வருகிறது. எட்டிவிடும் தூரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று மகளைக் கேளுங்கள். “ஊட்ட வரவில்லை, பசியைத் தூண்டிப் பறக்க வைக்க வந்தது” என்று அவள் சொல்லிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அதையே ஐந்தாறு சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும். பிழை வந்தால் வரட்டும். புரிந்து எழுதும் பிள்ளை, கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் ஏதோ ஒரு சரியான பதிலை எழுதிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை.

நான் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டியது ‘காமன் பாரா’ என்ற ஒன்றைப் பற்றி. எந்தக் கதைக்கும் பொருந்தும்படி ஒரே பத்தியை எழுதி, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். இதைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். திருத்தும் ஆசிரியர் அந்தப் பத்தியை நூறு தாள்களில் பார்த்திருப்பார். ‘இந்த ஆண்டு நிச்சயம் வரும் கேள்விகள்’ என்று வாட்ஸ்அப்பில் காசுக்கு விற்பவர்களையும் நம்பாதீர்கள். கேள்வித்தாள் இவர்கள் கைக்கு வருவதில்லை. பழைய கைடு கிடைத்தால் வாங்கவே வேண்டாம். அதில் ஆங்கிலம் இரண்டு தாளாக இருக்கும். இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கிறார்கள். பிள்ளைக்குக் கதை பிடித்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. மாதாமாதம் தேர்வு வைத்துக்கொண்டே இருந்தால் ஆசிரியர் கதையை எப்போதுதான் நடத்துவார்?

டியூஷன் சேர்ப்பதென்றால், பாடநூலைக் கையில் வைத்து நடத்துவீர்களா, மெட்டீரியல் (கேள்வி-பதில் குறிப்புகள்) கொடுப்பீர்களா என்று கேளுங்கள். மெட்டீரியல் என்றால் வேண்டாம்.

மனப்பாடமே கூடாதா என்றால், ஒரு இடத்தில் கட்டாயம் வேண்டும். மனப்பாடப் பாடல் கேள்விக்கு 5 மதிப்பெண். அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுத வழியில்லை. அங்கே புரிந்தது போதாது, பாட்டு அச்சில் இருப்பதுபோலவே வர வேண்டும். வரியின் முதல் எழுத்து பெரிய எழுத்தா, கமா எங்கே, எந்த வரியில் எது முடிகிறது என்று எல்லாம் பார்க்க வேண்டும். வாயால் ஒப்பித்தால் இவை தெரியாது. எழுதித்தான் பார்க்க வேண்டும். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்யவும் கூடாது, அச்சுப்பிழையும் சேர்ந்து மனதில் பதிந்துவிடும். பள்ளியில் இலவசமாகக் கொடுத்த பாடநூலே போதும். இரவில் ஒரு பாட்டை எழுதச் சொல்லுங்கள். பாடநூலைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து நீங்களே ஒப்பிடலாம். விட்டுப்போன கமாவைச் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுங்கள், மறுநாள் திரும்ப எழுதட்டும்.