பல துறைகளையும் சொந்தமாகப் படிக்க நூல்கள் நல்லதா, பதிவு செய்த வகுப்புகளா?

இரண்டும் வேண்டும். ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரே அளவில் அல்ல.

கணிதம், இயற்பியல் என்றால் என் ஓட்டு வகுப்புக்கே. சமன்பாடு பலகையில் வரிவரியாக வளர்வதைப் பார்க்கும்போது, ஆசிரியர் எதை ஏன் ஒதுக்குகிறார் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-இல் அறிவித்த இலவச இணையவழிப் பாடத் திட்டத்தில் (OpenCourseWare) கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் கிடைக்கின்றன, அங்கே தொடங்கலாம். ஒரு சிக்கல்: பார்த்துத் தலையாட்டும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். வீடியோவை நிறுத்தி அடுத்த வரியை நீங்களே எழுதிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். எனக்குப் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது.

வரலாற்றுக்கு நூல்தான். முன்னும் பின்னும் புரட்டலாம், அடிக்குறிப்பைத் துரத்தலாம், ஓரத்தில் எழுதி ஆசிரியரோடு சண்டை போடலாம். ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரண்டு நூல்களைச் சேர்த்துப் படியுங்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சியை ஒருவர் வர்க்க மோதலாகப் பார்ப்பார். இன்னொருவர் அரசின் கடன் நெருக்கடியிலிருந்து கதையைத் தொடங்குவார். வரலாற்றாய்வு எப்படி நடக்கிறது என்பது அந்த இடைவெளியில்தான் பிடிபடும்.

பொருளாதாரத்துக்கு எதில் தொடங்கினாலும் சரி.

உளவியலில் மட்டும், நூலோ வகுப்போ, வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 2015-இல் வெளியான ஒரு பெரிய முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள்; பாதியில்கூடப் பழைய முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய பிரபல நூல்களில் சில அத்தியாயங்கள் இன்று ஆட்டம் காண்கின்றன.