பெஸ்டிசைடும் டிசைடும் ஒரே வேரா?

பூச்சிக்கொல்லியைக் குறிக்கும் ‘பெஸ்டிசைட்’ என்ற சொல்லும் முடிவெடுப்பதைக் குறிக்கும் ‘டிசைட்’ என்ற சொல்லும் சி, ஐ, டி, இ என்ற ஒரே நான்கு எழுத்துகளில் முடிவது ஏன் என்று மகள் கேட்டதாகவும், பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி; அவ்விரு சொற்களும் உண்மையிலேயே உறவுடையவை.

இலத்தீனில் ‘கைதெரே’ என்றால் வெட்டுதல், கொல்லுதல். கொல்லுதல் என்ற பொருளிலிருந்தே ஹோமிசைட் (மனிதக் கொலை), சூசைட் (தற்கொலை), ஹெர்பிசைட் (களைக்கொல்லி) முதலியவை வந்தன. கொல்பவர், கொலை ஆகிய இரண்டுக்கும் இலத்தீனில் தனித்தனி ஈறுகள் இருந்தன. ஆங்கிலத்தில் அவை ஒன்றாகிவிட்டதால், ‘ரெஜிசைட்’ என்பது அரசனைக் கொன்றவரையும் குறிக்கும், அக்கொலையையும் குறிக்கும். தமிழில் கொல்லி வேறு, கொலை வேறு என்பதால் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. 1944இல் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் இனப்படுகொலைக்கு ‘ஜெனோசைட்’ என்று பெயரிட்டபோது, இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இந்த ஈற்றையே சேர்த்தார்.

‘டிசைட்’ என்பதில் இருப்பது வெட்டுதல் என்ற பொருள்: தயக்கத்தை அறுத்து முடிவுக்கு வருதல். ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று நாம் சொல்வதை நினைவூட்டினால் மகளுக்கு உடனே விளங்கிவிடும்.

ஆனால் ஒரே நேரத்தில் நிகழ்வதைக் குறிக்கும் ‘கோயின்சைட்’ என்ற சொல்லை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது விழுதல் என்று பொருள்படும் ‘கதெரே’ என்ற வேறொரு வினையிலிருந்து வந்தது. ‘ஆக்சிடென்ட்’, ‘இன்சிடென்ட்’ ஆகியவையே அதன் உறவினர்கள்.