கையடக்க கேம்: கார்டா, டவுன்லோடா?

வாசகர் கேள்வி – பதில்

பத்து வயது மகனுக்கு நின்டெண்டோவின் ஸ்விட்ச் லைட் கேம் கருவி வாங்கியிருக்கிறோம். கேம்களை கார்டாக வாங்குவதா, டவுன்லோடு செய்வதா? கடைக்காரர் கார்டு என்கிறார், அண்ணன் மகன் டவுன்லோடு என்கிறான்.
– வாசகி, கோவை

இரண்டு பேர் சொல்வதும் சரி. எந்த கேமுக்கு என்பதைத்தான் இருவரும் சொல்லவில்லை.

மகன் தினமும் பத்து நிமிடம், கால் மணி நேரம் ஆடப்போகும் கேம் என்றால் டவுன்லோடு நல்லது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ், அனிமல் கிராசிங் எல்லாம் இந்த வகை. கார்டை மாற்றி மாற்றிச் செருகும் வேலை இல்லை, பயணத்தில் தொலையாது. கேம் கார்டு ஒரு தபால்தலை அளவு, அவ்வளவுதான். பத்து வயதுப் பையன் கையில் அது சோபா இடுக்கில்தான் குடியிருக்கும்.

ஒருமுறை கதையை முடித்துவிட்டால் மறுபடி தொடாத கேம் என்றால் கார்டுதான். 4,000 ரூபாய்க்கு வாங்கி, முடித்ததும் 2,800-க்கு விற்க முடிகிறது என்று வையுங்கள். உங்களுக்கு ஆன செலவு 1,200. அதே கேம் டவுன்லோடில் தள்ளுபடியில் 2,500-க்குக் கிடைத்தாலும் கணக்கில் கார்டுதான் மலிவு. ஆனால் விற்கிற பழக்கமே இல்லாத வீடு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அலமாரியில் தூங்கும் கார்டு யாருக்கும் லாபமில்லை.

இடத்தையும் பாருங்கள். ஸ்விட்ச் லைட்டின் உள் நினைவகம் 32 ஜிபி. அதில் கேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 26 ஜிபி. ஸ்விட்சில் வந்த பெரிய செல்டா கேம்கள் இரண்டையும் சேர்த்து வைக்கவே அது பத்தாது. டவுன்லோடு வழி என்றால் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டில் வாங்கினாலும் அப்டேட்டுகள் கருவிக்குள்தான் இறங்கும் என்பதால் கொஞ்சம் இடம் எப்படியும் வேண்டும்.

இந்தியாவுக்கென்று நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப் கிடையாது. வேறு நாட்டுக் கணக்கில்தான் வாங்க வேண்டும். ப்ரீபெய்டு கார்டு வாங்கினால் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுப் பணமாகவே இருக்க வேண்டும். கணக்கில் மீதிப் பணம் கிடந்தால் நாட்டை மாற்ற விடமாட்டார்கள். அதனால் முதலிலேயே ஒரு நாட்டை முடிவு செய்துகொண்டு அதிலேயே இருங்கள்.

ஐரோப்பியப் பெட்டியில் வந்த கார்டு வாங்கினேன். கேம் ஓடுகிறது. ஆனால் அமெரிக்கக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதி அதில் வரவே இல்லை. கார்டு போலியா?
– வாசகர், மதுரை

போலி இல்லை. ஸ்விட்சில் ஏறக்குறைய எந்த நாட்டு கார்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். ஆனால் டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதி பெரும்பாலும் கேம் எந்த வட்டாரத்துப் பதிப்போ அதே வட்டாரத்துக் கடையில் வாங்கினால்தான் ஒட்டும். கார்டின் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் கடைசி மூன்று எழுத்து யுஎஸ்ஏ, இயுஆர், ஜேபிஎன் என்று வட்டாரத்தைச் சொல்லும். இறக்குமதிக் கடையில் வாங்கும்போது பெட்டிப் படத்தைவிட அந்த மூன்று எழுத்தைப் பார்ப்பது முக்கியம். டிஎல்சி நிறைய வரும் கேமை டவுன்லோடாகவே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இரண்டும் ஒரே கடையிலிருந்து வந்துவிடும்.

ஸ்விட்ச் 2-க்குப் பெட்டியில் கேம் வாங்கினேன். கார்டைச் செருகினால் முழு கேமையும் டவுன்லோடு செய்யச் சொல்கிறது. பிறகு கார்டு எதற்கு?
– வாசகர், சென்னை

நீங்கள் வாங்கியது ‘கேம்-கீ கார்டு’. பெயரிலேயே இருப்பதுபோல அது சாவி மட்டும்தான், கேம் அதில் இல்லை. முதல்முறை இணையத்தில் இணைத்து முழுவதையும் இறக்க வேண்டும். அதன்பிறகு இணையம் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு முறை ஆடும்போதும் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். டவுன்லோடைப் போல இடத்தையும் தின்னும், கார்டைப் போல மாற்றிச் செருகவும் வைக்கும். இரண்டு பக்கக் கஷ்டமும் ஒரே பெட்டியில்.

ஒரு நல்லது உண்டு. அதை விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் இறக்கி ஆடிக்கொள்ளலாம். ஆனால் என்றாவது டவுன்லோடு சர்வரை நிறுத்தினால், அதற்குமுன் இறக்கி வைக்காதவர் கையில் மிஞ்சுவது பிளாஸ்டிக்.

வாங்குமுன் பெட்டியின் முன்பக்கம் அடியில் பாருங்கள். சாவிப் படமும் ‘கேம்-கீ கார்டு’ என்ற எழுத்தும் கொண்ட பட்டை இருந்தால் இந்த வகை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இப்படித்தான் வந்தது. சைபர்பங்க் 2077 முழுவதும் 64 ஜிபி கார்டிலேயே வந்தது. நின்டெண்டோவின் சொந்த கேமான மரியோ கார்ட் வேர்ல்டும் முழுதாகக் கார்டில்தான். ஆக, பெரிய கேம் என்பதால் மட்டும் சாவி கார்டாக வருவதில்லை. அதிகக் கொள்ளளவுள்ள கார்டுக்கு ஆகும் செலவும் ஒரு காரணம்.

இன்னும் ஒரு வகை உண்டு. பெட்டிக்குள் கார்டே இருக்காது, டவுன்லோடு கோடு அச்சிட்ட தாள்தான் இருக்கும். கோடைப் பயன்படுத்திய பிறகு அதை விற்க முடியாது. விலை எவ்வளவு குறைந்தாலும் இந்தப் பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

விளையாடி முடித்த கார்டை விற்றுவிட்டேன். மறுபடி வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? ஆடிய வரையிலான பதிவு, அதாவது சேவ், கார்டோடு போய்விட்டதா?
– வாசகி, ஈரோடு

தொடரலாம். ஸ்விட்சில் சேவ் கார்டிலும் இருக்காது, மைக்ரோ எஸ்டியிலும் இருக்காது. கருவியின் உள் நினைவகத்தில், உங்கள் பயனர் பெயரில் இருக்கும். கார்டை விற்றாலும், டவுன்லோடு செய்த கேமை நீக்கினாலும் சேவ் அப்படியே கிடக்கும். சேவை நீங்களே அழித்தாலோ, கருவியை ஃபேக்டரி ரீசெட் செய்தாலோதான் போகும். கருவி தண்ணீரில் விழுந்தாலும் போகும், அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். கேமைக் கார்டாக வாங்கியவர்கள் ‘எல்லாம் என் கையில் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண்பது மணி நேர உழைப்பு கையில் இருக்கும் கார்டில் இல்லை.

கருவி மாற்றும்போது சிஸ்டம் செட்டிங்ஸ், டேட்டா மேனேஜ்மென்ட், டிரான்ஸ்ஃபர் யுவர் சேவ் டேட்டா என்ற வழியில் போனால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஸ்விட்சுக்கு அனுப்பலாம். அது நகல் எடுப்பதில்லை, இடம் மாற்றும். பழைய கருவியில் சேவ் இருக்காது. தானாக நகல் வேண்டுமென்றால் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா கட்டி கிளவுடில் வைக்க வேண்டும். சந்தா முடிந்தபின் 180 நாள் வரை வைத்திருப்பார்கள். ஸ்ப்ளாட்டூன் 2 போலச் சில கேம்களுக்கு கிளவுட் வசதி கிடையாது. அனிமல் கிராசிங்குக்குத் தனியாகத் ‘தீவு பேக்கப்’ இருக்கிறது. அதை கேமுக்குள் போய் நீங்களே இயக்க வேண்டும்.

டவுன்லோடு செய்த கேமை அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஸ்விட்சில் ஆட முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

ஒரே நேரத்தில் முடியாது, மாறி மாறி முடியும். 2025 ஏப்ரல் கடைசியில் வந்த அப்டேட்டில் டவுன்லோடு கேம்கள் ‘விர்ச்சுவல் கேம் கார்டு’ ஆகிவிட்டன. உங்கள் கணக்கில் இரண்டு கருவிகள் இருந்தால், ஒன்றிலிருந்து எஜெக்ட் செய்து இன்னொன்றில் லோடு செய்துகொள்ளலாம். இரண்டையும் முதன்முதலில் இணைக்கும்போது மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வேறு கணக்கு வைத்திருக்கும் தம்பிக்கு என்றால் குடும்பக் குழுவில் சேர்த்துக் கடன் கொடுக்கலாம். குழுவில் எட்டுக் கணக்குகள் வரை சேரலாம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேம், இரண்டு வாரம் வரை. கெடு முடிந்தால் தானாகத் திரும்பிவிடும். கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் ஒரே அறையில் இருக்க வேண்டும். அதனால் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா தஞ்சாவூர் தம்பிக்குக் கொடுக்க முடியாது. அதற்கு இன்னமும் பிளாஸ்டிக் கார்டும் ஊருக்குப் போகிற ஆளும்தான் வழி.

பழைய ஸ்விட்சின் 256 ஜிபி மெமரி கார்டை அப்படியே ஸ்விட்ச் 2-இல் போட்டால் கேம் ஓடுமா?
– வாசகர், திருநெல்வேலி

ஓடாது. ஸ்விட்ச் 2 கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புது வகை கார்டை மட்டுமே ஏற்கும். சாதாரண கார்டைப் போட்டால் பழைய ஸ்கிரீன்ஷாட்டும் வீடியோவும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பழைய ஸ்விட்சிலிருந்து இன்னொரு பழைய ஸ்விட்சுக்கு மாற்றினாலும் கேம் ஓடாது, ஏனென்றால் அந்தத் தரவு முதல் கருவியோடு பூட்டப்பட்டது. மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

மலிவாக வரும் 1 டிபி கார்டுகளில் போலிகள் அதிகம். 32 ஜிபி சில்லில் 1 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதியிருப்பார்கள். முதல் 32 ஜிபி நன்றாகவே ஓடும். அதற்குமேல் எழுதும்போதுதான் கேம்கள் ஒவ்வொன்றாகக் கெடும். வாங்கியதும் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் கார்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆனால் திருப்பித் தரும் கெடுவுக்குள் உண்மை தெரிந்துவிடும். சோதித்த பிறகு ஸ்விட்சிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

கேம் கார்டு கசக்குமாமே?
– ஆறாம் வகுப்பு மாணவி, சேலம்

கசக்கும். சிறு குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று டினடோனியம் பென்சோயேட் என்ற கசப்புப் பொருளைப் பூசுகிறார்கள். சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கடையை மூடிவிட்டால் டவுன்லோடு கேம்கள் என்ன ஆகும்?
– வாசகர், யாழ்ப்பாணம்

நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான 3டிஎஸ்-ஐப் பாருங்கள். அதன் இ-ஷாப்பில் 2023 மார்ச் 27-உடன் விற்பனை நின்றது. ஏற்கனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டமும் நின்றது. சோனி 2021-இல் தன் கையடக்கக் கருவியான வீட்டாவின் கடையை மூடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. ஆக, வாங்கியது உடனே போய்விடாது. முதலில் புதிதாக வாங்கும் வழி அடைபடும். அதனால் டவுன்லோடில் மட்டுமே வந்த கேம்களை, கடை திறந்திருக்கும்போதே வாங்கி இறக்கி வைப்பது நல்லது. கார்டிலும் வந்த கேம்கள் பழைய கார்டுகளாகச் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கும். கடை மூடியபின் அவற்றின் விலையும் ஏறும்.

பழைய கேம்பாய் கேமான போகிமான் கோல்டு காட்ரிட்ஜில் சேவ் நிற்பதில்லை. ரிப்பேர் செய்யலாமா? கேம்பாய் அட்வான்ஸுக்கு போகிமான் எமரால்டும் வாங்கப் பார்க்கிறேன்.
– வாசகர், புதுச்சேரி

கோல்டில் சேவைப் பிடித்துவைப்பது ஒரு சிஆர்2025 பேட்டரி. கேமின் கடிகாரத்தையும் அதே பேட்டரிதான் ஓட்டுகிறது, அதனால் சீக்கிரம் தீரும். 3.8 மிமீ கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளியால் பின்பக்கத் திருகைக் கழற்றினால் பேட்டரி தெரியும். அதன் இரண்டு முனைகளிலும் தகடு பற்றவைத்திருக்கும். தகடோடு கூடிய புதிய பேட்டரி வாங்கி, பழையதன் ஈயத்தை உருக்கி எடுத்து, + – திசை பார்த்துப் பற்றவையுங்கள். வெறும் பேட்டரியை டேப் போட்டு ஒட்டும் வேலை வேண்டாம். ஒரு குலுக்கலில் தொடர்பு விட்டு சேவ் அழிந்துவிடும். சேவ் இன்னும் உயிரோடு இருக்கும் காட்ரிட்ஜ் என்றால், கழற்றுமுன் காட்ரிட்ஜ் ரீடரால் கணினிக்கு எடுத்துவிடுங்கள். பேட்டரியை எடுத்த கணமே சேவ் போய்விடும்.

ஓடவில்லை என்று வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பித்தளை நிறக் கால்களை அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்துத் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள்.

எமரால்டில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். தீர்ந்தாலும் சேவ் நிற்கும், கேமில் நட்ட செடிகள்தான் வளராது. வாங்கும்போது காட்ரிட்ஜின் அடியிலுள்ள திறப்பில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அசலில் கால்களுக்கு மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் பொறித்திருக்கும். லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் நிழலாகத் தெரியும். ‘புத்தம் புது பேட்டரி’ என்று போகிமான் ஃபயர்ரெட் காட்ரிட்ஜை யாராவது விற்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அசல் ஃபயர்ரெட்டில் பேட்டரியே கிடையாது.