பகலில் மட்டும் ஓட்டும் பழைய பைக்குக்கு லைட் அவசியமா?

கேள்வி: என்னிடம் பழைய பைக் ஒன்று இருக்கிறது. ஊர் வேலூர். பகலில் மட்டும்தான் எடுப்பேன். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டலாமா? இங்கிலாந்தில் அப்படி ஓட்டுவதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். நம் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்:

ஓட்டக்கூடாது. ஆனால் நீங்கள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. நானும் இதே கணக்கைப் போட்டு நாலு வருஷம் ஓட்டியவன்தான்.

முதலில் அந்த வீடியோ விஷயம். இங்கிலாந்தில் அது உண்மைதான். அங்கே பைக்குகளுக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை உண்டு. லைட்டே இல்லாத வண்டியோ, லைட்டை நிரந்தரமாகத் துண்டித்துவிட்ட வண்டியோ அதில் தேறலாம். பகலில் மட்டும், அதுவும் வெளிச்சம் குறையாத நேரத்தில் மட்டும் ஓட்ட வேண்டும் என்று சான்றிதழோடு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. 'பகல் வண்டி' என்று ஆர்.சி.யில் எழுதித் தர இங்கே ஆளில்லை.

பிறகு ஏன் பலரும் ஓட்டலாம் என்கிறார்கள்? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 105வது விதியைப் பாதி படித்துவிட்டுச் சொல்கிறார்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், வெளிச்சம் போதாத வேறு எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்கிறது அந்த விதி. பைக்குக்கு ஹெட்லைட் ஒன்றோ இரண்டோ. பின்னால் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிகிற சிவப்பு விளக்கு. நம்பர் பிளேட்டை 15 மீட்டரிலிருந்து படிக்கிற அளவுக்கு ஒரு வெள்ளை வெளிச்சம். இருட்டினால்தானே இதெல்லாம், பகலில் எதற்கு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இது விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று சொல்லும் விதி. வண்டியில் விளக்கே இல்லாமல் இருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிரேக் லைட்டுக்கு வேறு விதி, பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு வேறு விதி. அவை இரண்டும் மணி பார்ப்பதில்லை.

இந்த 155 மீட்டரையும் கொஞ்சம் கவனியுங்கள். எதிரில் அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் அதுவே சட்டப்படி வெளிச்சம் போதாத நேரம். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஏழு பெட்டி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் நமக்குச் சூரியன் உதிப்பது ஆறரைக்குப் பக்கத்தில். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனிக்குப் போகிறவன். ஏழு மணிக்குத் திருவலம் பாலம் ஏறினால் பொன்னையாறு முழுக்கப் பனி, முன்னால் போகும் லாரியே நிழல் மாதிரிதான் தெரியும். விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், ஆனாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். ஐப்பசி மழையில் மத்தியானம் மூணு மணிக்கும் இதே கதைதான். ஆக, பகலில் மட்டும்தான் எடுப்பேன் என்று நீங்கள் சொன்னாலும் வானம் கேட்க வேண்டும்.

இப்போது என் கதை. அப்பா 1994-ல் வாங்கிய ஆர்.எக்ஸ். 100, டி.என். 23 வண்டி. 2015-ல் பேட்டரி செத்துப்போனது. உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது, பேட்டரி எதற்கு என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். அந்த வண்டியில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் மேக்னட் காயிலிலிருந்து வரும் கரன்டிலேயே நேராக எரியும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பளிச், விட்டால் மங்கல். அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். பேட்டரியை நம்பி இருப்பவை ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட். அதாவது, பகலில் மட்டும் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பகலுக்கு வேண்டாத லைட்டை வைத்துக்கொண்டு, பகலுக்கு வேண்டியது அத்தனையையும் கழற்றி வைத்திருந்தேன். "ஹாரன் இல்லாம ஓட்டாதே தம்பி" என்று மெக்கானிக் பாய் இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை.

2018-ல் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். சில்க் மில் ஸ்டாப் பக்கம் முன்னால் போன பஸ் நின்றது, நானும் பிரேக் பிடித்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ வந்து ஏறிவிட்டது. மட்கார்டு மடங்கி, டெயில் லேம்ப் நொறுங்கி, முட்டி சிராய்த்து ரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தோடு எழுந்து போனால் ஆட்டோக்காரர் கேட்டாரே ஒரு கேள்வி: "இன்னாண்ணா, பிரேக்கு புட்ச்சா லைட்டு எரிய வேணாமா? நீ நிக்கிறியா போறியான்னு எனக்கு எப்டி தெரியும்?"

பதில் இல்லை. அவர் நெருக்கி வந்தது தப்புதான், அதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவு குறையோடு ஓட்டியவனைத்தான் பார்க்கும். வண்டி ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று தெரிந்தே ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்தாகி யாருக்காவது அடியோ பொருளுக்குச் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு என் பின்னால் ஆட்டோவுக்குப் பதில் ஒரு ஸ்கூட்டி வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சாதாரணமாக வழியில் நிறுத்தினால் 177வது பிரிவில் முதல் முறை 500, அடுத்த முறை 1,500. கிரீன் சர்க்கிளில் நிறுத்துகிறவர்கள் முதலில் ஹெல்மெட்டைத்தான் பார்ப்பார்கள், லைட் வரைக்கும் போவது அபூர்வம் என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். பிடிபடாமல் இருப்பதைச் சட்டம் அனுமதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாதே.

கண்டிப்பாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2009, 2014, 2019, 2024. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2019-ல் புது டெயில் லேம்ப், புது பேட்டரி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போனேன். இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். எரியவில்லை. பின் பிரேக் பெடலோடு ஒரு சின்ன ஸ்ப்ரிங்கில் சுவிட்ச் தொங்கும் அல்லவா, அந்த ஸ்ப்ரிங் நாலு வருஷத்தில் துருப்பிடித்து நீண்டுவிட்டிருக்கிறது. சரி பண்ணிக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். வாசலிலேயே ஒரு கம்பித் துண்டை வைத்து இழுத்துக் கட்டிக் காட்டி வேலையை முடித்தேன்.

ஆகவே உங்கள் வண்டியில் எதையும் கழற்றாதீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. மேக்னட் கரன்டில் எரியும் பழைய வண்டிகளில் ஹெட்லைட் பல்பு இழுக்க வேண்டிய கரன்ட் இழுக்கப்படாவிட்டால் டெயில் பல்பு அதிக வோல்டேஜ் தாங்காமல் போய்விடும். ரெகுலேட்டர் சரியில்லாத வண்டியில் இது ஒரே ராத்திரியில் நடக்கும். டெயில் பல்பு வாங்கும்போது இரண்டு ஃபிலமென்ட் உள்ளதா என்று பாருங்கள்: 21/5 வாட் என்று போட்டிருக்கும். 5 வாட் எப்போதும் எரிவதற்கு, 21 வாட் பிரேக்குக்கு. சாயங்காலம் வீட்டுச் சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி மிதித்துப் பார்த்தால் போதும், சுவரே சொல்லிவிடும்.

இண்டிகேட்டர் பற்றிக் கேட்டீர்கள். கம்பெனியிலிருந்து இண்டிகேட்டரோடு வந்த வண்டி என்றால் அது வேலை செய்ய வேண்டும். தாத்தா காலத்து வண்டி, இண்டிகேட்டரே இல்லாமல் வந்தது என்றால் கை இருக்கிறது. சட்டத்தின் 121வது பிரிவே கைச்சைகையை அடிப்படையாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இன்றைக்கு வலது கையை நீட்டினால் பின்னால் வருகிறவர் நாம் யாரையோ கூப்பிடுகிறோம் என்று நினைக்கிறார், அது வேறு விஷயம்.

வண்டி எந்த வருஷத்தது என்று கேள்வியில் இல்லை. பழையது என்று நீங்கள் சொல்வது 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தேதியிலிருந்து தயாரான எல்லா இரு சக்கர வண்டியிலும் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும். அணைக்க சுவிட்சே வைக்கவில்லை. எதிரில் வருகிறவர் கண்ணில் பகலிலும் நாம் படவேண்டும் என்பதுதான் காரணம். பேட்டரி இறங்கிவிடும் என்று கடையில் தனியாக சுவிட்ச் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போதுதான் எரிகிறது, ஓடும்போது சார்ஜும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எதிரில் வரும் பெரியவர் யாராவது விரல்களைக் குவித்துக் குவித்து விரித்து "லைட் எரியுதுப்பா" என்று காட்டினால், தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.