லோ பேண்ட் ஆன்டெனா: கடைப் பெட்டியா, கம்பிச் சுருளா?

40, 80, 160 மீட்டர் அலைநீளப் பேண்டுகளுக்கு (அதிர்வெண் குறைந்த 'லோ பேண்டுகள்') ஆன்டெனா வாங்குவது பற்றி குமரி மாவட்ட ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: தக்கலைப் பக்கம் 5 சென்ட் மனையில் மாடி வீடு. தினமும் 40 மீட்டரில் தமிழ்நாடு, கேரள நண்பர்களோடு பேச வேண்டும். முடிந்தால் 80 மீட்டரும். "எல்லா பேண்டும் ஒரே ஆன்டெனா" என்று கடையில் ஒரு வெர்டிகல் (செங்குத்துக் குச்சி ஆன்டெனா) காட்டுகிறார்கள். வாங்கலாமா? டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேர்த்து இருபுறமும் சமமாக நீட்டும் கம்பி ஆன்டெனா) என் மனையில் இடம் போதுமா?

பதில்: வாங்க வேண்டாம். இடம் தாராளமாகப் போதும். 5 சென்ட் என்பது சுமார் 2,178 சதுர அடி. மனை சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை 66 அடி வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோலின் மொத்த நீளமும் 66 அடிதான் (468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடிக்கணக்கு கிடைக்கும்). இன்வெர்ட்டட் வீயாக (நடு உயர்ந்து இரு கைகளும் சரியும் தலைகீழ் V வடிவில்) கட்டினால் இன்னும் குறைந்த இடம் போதும். நடு உச்சி 34 அடி, முனைகள் 12 அடி உயரம் என்று வைத்தால் தரையில் அது பிடிக்கும் இடம் 49 அடிதான். மாடியில் 10 முதல் 12 அடி ஜி.ஐ. பைப் நட்டால் அந்த உச்சி கிடைத்துவிடும். இரு கைகளுக்கும் இடையே உள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. முனைகளில் மின்னழுத்தம் அதிகம், ஆகவே அவை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உங்கள் தேவைக்கு டைபோல் பொருந்துவதற்குக் காரணம் வேறு. 34 அடி என்பது 40 மீட்டரில் கால் அலை உயரம். அந்த உயரத்தில் டைபோல் பெரும்பகுதி சக்தியை மேலே அனுப்பும், அது அயனிமண்டலத்தில் பட்டு சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குக் குடை மாதிரி இறங்கும். திருவனந்தபுரம், மதுரை, திருச்சியெல்லாம் பகலில் இப்படித்தான் கேட்கும். வெர்டிகல் நேர்மேலே அனேகமாக எதையும் அனுப்பாது. தூரதேசம் எட்டும், மதுரை எட்டாமல் போகலாம்.

வாங்க வேண்டியவை: வீட்டு வயரிங்குக்கு வரும் 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ. பலநூல் செம்புக் கம்பி, 90 மீட்டர் சுருள் ஒன்று. 40க்கு 20 மீட்டர், 80க்கு 40 மீட்டர் போக 30 மீட்டர் மிஞ்சும். நடுவில் 1:1 கரண்ட் பாலன் (கேபிள் உறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் பெட்டி) ஒன்று. முனைகளுக்கு மின்கம்ப ஸ்டே கம்பியில் போடும் பீங்கான் முட்டை இன்சுலேட்டர் இரண்டு. கட்ட பாலியெஸ்டர் கயிறு. நைலான் இழுபடும், வெயிலிலும் சீக்கிரம் நைந்துவிடும்.

ஒவ்வொரு கையையும் 34 அடி வெட்டித் தொடங்குங்கள். ஏற்றி, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) எந்த அதிர்வெண்ணில் குறைவு என்று பாருங்கள். 6.85 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் ஒரு கைக்கு வேண்டிய நீளம் 34 × 6.85 ÷ 7.1, அதாவது 32 அடி 9½ அங்குலம். உடனே வெட்டாமல் மிச்சத்தை மடக்கி அதே கம்பியோடு முறுக்கிவிடுங்கள். மேலுறை உள்ள கம்பி வெறுங்கம்பியைவிடச் சற்றுக் குறைந்த நீளத்திலேயே அதிரும். ஆனால் எவ்வளவு குறையும் என்று ஊகித்து முதலிலேயே குட்டையாக வெட்டியவர்களுக்கு ஒட்டுப் போடும் வேலை வரும். ஒரு வாரம் தொங்கியபின் செம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கும், மறுபடி அளவெடுங்கள்.

80 மீட்டருக்கு ஒரு கை 65 அடி. முதல் 33 அடியைச் சரிவாக இறக்கி, மீதியை 12 அடி உயரத்தில் மதிலோரமாக மடக்கிக் கொண்டு போகலாம். டைபோலில் கதிர்வீச்சின் பெரும்பகுதியைச் செய்வது மின்னோட்டம் மிகுந்த நடுப்பகுதிதான், முனைகள் மடங்கினால் இழப்பு பெரிதல்ல. நேராக இழுக்க 20 சென்ட் மனையின் மூலைவிட்டம் வேண்டும்.

எங்கே கட்டினாலும், ஒரு முனை அறுந்து காற்றில் வீசினாலும் மின்லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கேள்வி: 8 அடி விப் ஆன்டெனா, 80 முதல் 10 மீட்டர் வரை எஸ்.டபிள்யூ.ஆர். 1.2க்குள் என்று விளம்பரம். வாடகை வீட்டு மாடிக்கு நல்லதுதானே?

பதில்: 50 ஓம் டம்மி லோடுக்கும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் ரெசிஸ்டர்) எஸ்.டபிள்யூ.ஆர். 1.0தான். அது எதையும் பரப்பாது. 80 மீட்டரில் 8 அடிக் குச்சியின் கதிர்வீச்சுத் தடை (காற்றில் பரவும் சக்திக்கு ஈடான தடை) ஒரு ஓமில் மூன்றில் ஒரு பங்கு. சுருள், மண் இரண்டிலும் சேர்ந்து 15 ஓம் இழப்பு என்று வைத்தால், 100 வாட்டில் சுமார் 2 வாட்தான் காற்றில் போகும், மற்றதெல்லாம் சூடு. இழப்பு கூடக் கூட எஸ்.டபிள்யூ.ஆர். வளைவு தட்டையாகும். குட்டை ஆன்டெனா 80 மீட்டர் முழுவதும் தட்டையான வளைவு காட்டினால் அதுவே சந்தேகப்பட வேண்டிய அடையாளம். வாடகை வீடென்றால் 20 மீட்டர் கம்பியை மாலையில் இழுத்து இரவில் சுருட்டி வையுங்கள், அது இதைவிடப் பலமடங்கு மேல்.

கேள்வி: கேபிளுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? 20 மீட்டர் வேண்டும்.

பதில்: குறைவாகவே. 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்.ஜி.58 (மெல்லிய கேபிள்) தின்பது ஒரு டெசிபலுக்கும் குறைவு. தடித்த ஆர்.ஜி.213 போட்டால் மிச்சமாவது அரை டெசிபல் மாதிரி, எதிர்முனையில் கேட்பவருக்குத் தெரியாது. டிவி கேபிளான 75 ஓம் ஆர்.ஜி.6 கூட நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் அலுமினியப் பின்னல் ஈயப்பற்றைப் பிடிக்காது, எஃப் கனெக்டர் போட்டு அடாப்டரில் மாற்றுங்கள். மிஞ்சும் பணத்தை உயரத்தில் போடுங்கள்.

கேள்வி: குளச்சலில் கடலுக்கு அருகில் வீடு. கடலோரத்தில் வெர்டிகல் அற்புதம் என்கிறார்கள். உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: உங்களுக்கு வெர்டிகல் பொருந்தலாம். ஆனால் எவ்வளவு "அருகில்" என்பதுதான் கேள்வி. அலை தொடும் கோட்டிலிருந்து கால் அல்லது அரை அலைத் தொலைவுக்குள், அதாவது 40 மீட்டர் பேண்டில் 10 முதல் 20 மீட்டருக்குள், நின்றால்தான் உப்புநீர் கண்ணாடி மாதிரி வேலை செய்து தாழ்ந்த கோணத்தில் அலையை அனுப்பும். 300 மீட்டர் உள்ளே, நடுவில் வீடுகளும் தென்னைகளும் இருந்தால் பலன் பெருமளவு குறையும். காய்ந்த மணல் மோசமான நிலம். 10 மீட்டர் நீள ரேடியல் (ஆன்டெனா அடியிலிருந்து சுற்றிலும் விரியும் கம்பி) 16ஆவது மணலில் விரிக்க வேண்டும், அதற்கே கிட்டத்தட்ட இரண்டு சுருள் கம்பி ஆகும். அல்லது தலைக்கு மேல் உயரத்தில் 4 ரேடியல் கட்டுங்கள். "ரேடியல் வேண்டாம்" என்று விற்பதைத் தொடாதீர்கள்.

உப்புக்காற்றில் முதலில் போவது கம்பியல்ல, இணைப்புகள். செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துவிடும், இடையில் ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள். போல்ட், கிளாம்ப் எல்லாம் 316 ரகமா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண 304 கடலோரத்தில் துருப்புள்ளி விடும். பி.எல்.259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே கறுப்பு வினைல் டேப் போடுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் பசை செம்பை அரிக்கும், நியூட்ரல் வகை கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும் ஒருமுறை எல்லா இணைப்பையும் பிரித்துப் பாருங்கள். ஐப்பசி இடிமழைக்கு முன் அந்த வேலை முடிந்துவிடும். இடி வருமுன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். அரெஸ்டர் (மின்னல் காப்பு) இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கருக்கு மேல் தென்னையும் ரப்பரும். 49:1 பெட்டியோடு (தடையை மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) வரும் எண்ட்-ஃபெட் கிட் வாங்க நினைக்கிறேன். 160 மீட்டரும் ஆசை.

பதில்: கம்பியின் ஒரு முனையில் மட்டும் ஏற்றும் வசதி தோப்புக்கு ஏற்றது. 40 மீட்டர் நீளக் கம்பி 80, 40, 20 பேண்டுகளில் ஓடும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எஃப்.டி.240-43 கோர் (கம்பி சுற்றும் ஃபெரைட் வளையம்), 2க்கு 14 சுற்று, 2 சுற்றுள்ள முதன்மைச் சுருளின் குறுக்கே 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் என்பது நம்பகமான வடிவம். அந்தக் கோரின் வெளிவிட்டம் 61 மி.மீ. சிறிய கோர் வைத்து "100 வாட்" என்று எழுதியது வெறும் பேச்சுக்குத் தாங்கும், எஃப்.டி.8 (கணினி வழி டிஜிட்டல் செய்தி) மாதிரி தொடர்ந்து ஓடும் முறையில் 80 மீட்டரில் கொதிக்கும். ரேடியோ பக்கக் கேபிளில் ஒரு சோக் கட்டாயம். இல்லாவிட்டால் கேபிளின் உறையே ஆன்டெனாவாகி, வீட்டு எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் இரைச்சலையெல்லாம் அள்ளி வரும்.

தென்னந்தண்டு வளர்ந்தபின் பருமனாவதில்லை, கயிறு இறுகாது. ரப்பரும் பலாவும் பருக்கும், கயிறு பட்டைக்குள் புதையும், ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். எந்த மரமானாலும் ஆடும். முனையில் கப்பி வைத்து, மண் நிரப்பிய டப்பாவை எடையாகத் தொங்கவிடுங்கள். விழும் மட்டை கம்பியை அறுக்காமலிருக்க, கயிற்றில் ஒரு பலவீனக் கண்ணி வையுங்கள், அது மட்டும் அறும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி எத்தனை ரப்பர் மரங்களைச் சாய்த்தது என்பது உங்களுக்கே தெரியும், வீட்டுப் பக்கத்து முனையையாவது இரும்புக் கம்பத்தில் கட்டுங்கள்.

160க்கு வெர்டிகல்தான் என்று உலகம் சொல்லும், அது வடக்கு நாடுகளின் அனுபவம். நாம் காந்த நடுக்கோட்டின் அருகே இருக்கிறோம், 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். இங்கே பூமியின் காந்தப்புலம் தெற்கு-வடக்காகக் கிடைமட்டம். 1.8 மெகாஹெர்ட்ஸில் கிழக்கு-மேற்குப் பாதைகளில் குறைவாக உறிஞ்சப்படுவது, மின்புலம் அந்தக் காந்தப்புலத்துக்கு இணையாக உள்ள அலை. அதாவது கிடைமட்ட அலை. ஆகவே தெற்கு-வடக்காக 254 அடி டைபோலை முடிந்த உயரத்தில் முதலில் கட்டிப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய "1 கிலோவாட்" பாலன் 100 வாட்டிலேயே சுடுகிறது. விற்பவர் பணம் திருப்ப மறுக்கிறார். வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் திறந்து கோரின் நிறத்தைப் பாருங்கள். 43, 31 ரக ஃபெரைட் மங்கிய கருஞ்சாம்பல். மஞ்சள்-வெள்ளை என்றால் பவர் சப்ளையில் போடும் இரும்புத்தூள் கோர், சிவப்பும் இரும்புத்தூள்தான், இரண்டும் சோக் பாலனுக்கு உதவாது. படமெடுத்து, விளம்பரப் பக்கத்தின் நகல், பில் இரண்டையும் சேர்த்து, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, கெடு 2 ஆண்டு. பொழுதுபோக்குக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர்தான், "வணிக நோக்கம்" என்ற வாதம் நிற்காது.

49:1 பெட்டி வாங்குபவர்கள் வந்த அன்றே 2.2 கிலோ ஓம், 220 ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து வெளிமுனைக்கும் எர்த்துக்கும் இடையே போட்டு, நானோ வி.என்.ஏ. என்ற சிறு ஆன்டெனா அளவுக்கருவியில் எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். 3.5 முதல் 14 மெகாஹெர்ட்ஸ் வரை 2க்கு மேல் ஏறினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.