இத்தாலியக் கவிதையின் 11 அசை அடியை எண்ணினால் 12 வருகிறதே, ஏன்?

எழுத்தில் உள்ள உயிரொலிகளை அப்படியே எண்ணுவதால்தான். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் அந்த இரண்டு உயிரும் சேர்ந்து ஒரே அசை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘திவீனா கொம்மேதியா’ என்ற நெடுங்கவிதையின் இரண்டாம் அடியைப் பாருங்கள்: மி-ரி-த்ரோ-வாய்-பெர்-ஊ-ந-செல்-வஒ-ஸ்கூ-ரா. ‘செல்வா’, ‘ஒஸ்கூரா’ இரண்டும் ஒட்டும் ஒன்பதாம் இடத்தில்தான் அந்தக் கூடுதல் அசை கரைகிறது. (இங்கே அசை என்பது ஓர் உயிரொலி கொண்ட ஒலித்துண்டு. நம் யாப்பின் நேர், நிரையைக் கொண்டுவர வேண்டாம், நிரையில் இரண்டு உயிரொலி உண்டு.)

உண்மையில் 11 என்ற எண்ணிக்கையே விதி அல்ல. கடைசி அழுத்தம், அதாவது ஓங்கி ஒலிக்கும் இடம், 10ஆம் அசையில் விழ வேண்டும், அதுதான் விதி. பெரும்பாலான இத்தாலியச் சொற்களில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் இருப்பதால், வழக்கமாக ஓர் அசை மிஞ்சி 11 ஆகிறது. இறுதிச் சொல்லின் கடைசி அசையிலேயே அழுத்தம் வந்தால் 10தான்: அதே நூலின் முதல் பகுதியான ‘இன்ஃபெர்னோ’வின் 4ஆம் காண்டத்தில் ‘தாந்தோ ஃபே’ என முடியும் அடி அப்படி. அழுத்தத்துக்குப் பின் இரண்டு அசை வந்தால் 12. மூன்றும் முறையான அடிகளே.

புதிதாக எழுதுபவர்கள் சறுக்குவது வேறிடத்தில். எண்ணிக்கை சரியாக இருக்கும். 4ஆம் அசையிலோ 6ஆம் அசையிலோ அழுத்தம் இருக்காது. அடி உரைநடைபோல் தட்டையாகிவிடும். தாந்தேயின் முதலடியில் ‘கம்மின்’ என்ற சொல்லின் ‘மின்’ சரியாக 6இல் விழுகிறது.